வெள்ளிக்கிழமை வள்ளம்

குகதாசன் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுக்குப் படைக்க வேண்டியது எல்லாவற்றையும் கமலாசனி தன் கையாலேயே சமைத்தாள். எழுபத்திரண்டு வயதில் அடுப்போடு நின்று மாரடிக்க வேண்டாம் என்று வவுனியாவிலிருந்து வந்திருந்த மகள் தாட்சாயினி சொல்லிப் பார்த்தாள்.

"உன்ர அப்பாவின்ர வாய்க்கு என்ன பிடிக்கும் எண்டு எனக்குத்தான் தெரியும். நீ அங்கால போ."

செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிற நாள் அல்லவா? கத்தரிக்காய்ப் பொரியல், விளைமீன் குழம்பு, உழுந்து வடை. கடைசியாகப் பாலும் மூன்று கரண்டிச் சீனியும் போட்ட தேத்தண்ணீர். நாற்பத்தெட்டு வருடமாக அவர் காலையும் மாலையும் ஒரு சொல்லும் சொல்லாமல் குடித்த தேத்தண்ணீர்.

படைக்கப் போகிற நேரத்தில் வாசல் படலையடியில் ஒரு ஆள் வந்து நின்றான். கண்டாவளையில் யாரும் கண்டிராத முகம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், உப்புக்காற்றில் கறுத்த உடம்பு. பூநகரியில் நண்டு பிடிக்கிறவன், பெயர் ரூபன் என்றான். பைக்குள்ளிருந்து ஒரு சுடுதண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினான்.

"குறை நினையாதேங்கோ அம்மா. இதையும் வையுங்கோ. இஞ்சி போட்ட பிளேன்ரீ. சீனி இல்லை. ஐயாவுக்கு இதெண்டா உயிர்."

"எந்த ஐயாவுக்கு?"

"எங்கட குகதாசன் ஐயாவுக்குத்தான்."

"அவருக்குச் சீனி இல்லாட்டித் தொண்டைக்குள்ள இறங்காது, தம்பி."

"கரையில சீனி தொடமாட்டார், அம்மா."

"எந்தக் கரையில?"

ரூபனுக்கு அப்போதுதான் விளங்கியது. படத்தில் இருந்த குகதாசனை ஒருதரம் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். "ஐயாவின்ர வள்ளத்தை என்ன செய்யிறது எண்டு கேக்கவும்தான் வந்தனான்" என்றான், மெல்ல.

ஐந்து வருடமாகக் குகதாசன் வெள்ளிக்கிழமை விடிய மோட்டார்சைக்கிளில் போய்விடுவார். சனிக்கிழமை பின்னேரம் திரும்பி வருவார். பூநகரியில் ஒரு துண்டு வயல் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன், காவலுக்குப் படுக்க வேணும் என்பதுதான் கதை. மாசி பிறந்தால் இரண்டு மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசியும் கொண்டுவந்து இறக்குவார். "எங்கட பூநகரி வயல் அரிசி" என்று கமலாசனி ஊர் முழுக்கச் சுண்டு சுண்டாக அளந்து பங்கு கொடுத்திருக்கிறாள். ரூபன் சொல்லித்தான் தெரிந்தது, வயலும் இல்லை, காவலும் இல்லை. மனுசன் அரிசியைச் சந்தையில் வாங்கி வந்திருக்கிறார். எழுபத்தொரு வயதில் பாய்வள்ளம் ஓட்டப் பழகி, ஐந்து வருடம் கடல்நீரேரியில் திரிந்து, அங்கேயே இரவு தங்கி வந்திருக்கிறார்.

அன்று படையலில் இரண்டு தேத்தண்ணீரும் இருந்தன. கமலாசனி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, பரந்தனில் பஸ் மாறிப் பூநகரிக்குப் போய் இறங்கினாள். கரையில் ரூபன் வலைக்குள் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஓ, அம்மாவே! வாங்கோ. நீங்கள்தானே பக்கத்து வீட்டுக் கிடாயை உங்கட ஆடு எண்டு பிடிச்சுப் பூச்சி மருந்து பருக்கினது?"

கமலாசனிக்கு முகம் சிவந்தது. "அதை ஆர் உனக்குச் சொன்னது?"

"ஐயாதான். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இஞ்ச வந்தா வாய் ஓயாது, பகிடியெண்டா அப்பிடிப் பகிடி."

வீட்டில் குகதாசன் பேசியது "ம்" ஒன்றுதான். கமலாசனி குசினியிலிருந்து கதைப்பாள், கிணற்றடியிலிருந்து கதைப்பாள், விளக்கை அணைத்த பிறகும் கதைப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்". அவருக்குக் கதைக்கவே வராது என்று அவள் நம்பியிருந்தாள்.

"வள்ளத்தைக் கொண்டு எங்க போறவர்?"

ரூபன் கையை நிறுத்தினான். "ஒரு இடம் இருக்கு. ஒருத்தரையும் அங்க கொண்டுவராதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"ஒருத்தரையுமோ? என்னையுமோ?"

"ஒருத்தரையும் எண்டுதான் சொன்னவர், அம்மா. செத்த மனுசனுக்குக் குடுத்த சத்தியம். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது."

நீங்களே சொல்லுங்கள், ஒரு பெண்சாதி வேறு என்னத்தை நினைப்பாள்? அங்கே ஒருத்தி இருக்கிறாள். சீனியில்லாத தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறவள். எப்படிப்பட்டவள், எத்தனை வயது? பஸ் வரும் வரைக்கும் கமலாசனி கரையில் நின்று யோசித்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"நான் தனிய அங்க போனா அது உன்ர சத்தியத்துக்குள்ள வருமோ?"

ரூபன் சிரித்துவிட்டான். "அது உங்கட பாடு, அம்மா. ஆனா அங்க எஞ்சின் போட்டுப் போகேலாது. ஒரு முழத் தண்ணி, சேறும் சாதாழைப் புல்லும். பாய்வள்ளம் மட்டும்தான் போகும்."

"அப்ப பாய்வள்ளத்தைப் பழக்கு."

பங்குனி முழுக்கப் பழகினாள். வெள்ளிக்கிழமை தோறும் பஸ், கையில் ஒரு சோற்றுப் பார்சல். தொலைபேசியில் தாட்சாயினி கத்தினாள். "அம்மா, ஊர் சிரிக்குது. உங்களுக்கு முழங்காலே மடங்காது, வள்ளம் ஓட்டப் போறியளோ?" முழங்கால் மடங்கத்தான் இல்லை. காற்று மாறும்போது பாய் மற்றப் பக்கம் போகும், தலையைக் குனிந்து ஆளும் மற்றப் பக்கம் போக வேணும். கமலாசனி குனிந்து, தவழ்ந்து, ஒரு நாளைக்கு இருபது தரம் முனகிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அப்போதும் வாய் ஓயவில்லை. சங்கக்கடைச் சண்டை, மகளின் மாமியார், கோயில் தலைவர் பதவி, ஒன்றும் மிச்சமில்லை.

"அம்மா, காத்தின்ர சத்தத்தையும் கொஞ்சம் கேளுங்கோ. அதுவும் ஏதோ சொல்லுது" என்பான் ரூபன்.

ஒரு நாள் கை உளைவு தாங்காமல், அவன் வேறு பக்கம் பார்த்த நேரம், பாயின் கயிற்றை இருக்கைப் பலகையோடு சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். ஐம்பது வருடமாக மாடு கட்டிய கை, முடிச்சு தானாக விழுந்தது. அடுத்த காற்று எறிந்ததும் வள்ளம் அப்படியே சரிந்தது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் சேற்றோடு எழுந்து நின்றார்கள்.

"மாட்டைக் கட்டின மாதிரிக் கட்டியிருக்கிறியள்! கயிறு கையிலதான் இருக்கவேணும். காத்து இழுத்தா விடவேணும், அம்மா. கட்டினா கவிழ்க்கும்."

"அவரும் கட்டினவரோ?"

"இல்லை. ஐயா முதல் நாளே விட்டுத்தான் பிடிச்சவர். அவருக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கேல்லை."

அன்று வீடு போகிற பஸ்ஸில் கமலாசனி ஈரச் சேலையோடு இருந்தாள். இரக்கப்பட்டு யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போனாள். காலைக் காற்று கரையிலிருந்து மெல்ல வீசியது. கயிறு கையில், சுக்கான் கக்கத்துக்குள். ரூபன் வாய் திறந்து வழி சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்காமலே, "கண்டல் மரங்களுக்கு அங்கால தண்ணி குறைவு, பாத்து" என்று மட்டும் தனக்குத்தானே சொல்கிறவன் போலச் சொன்னான்.

கண்டலைத் தாண்டியதும் தண்ணீருக்குள் நாட்டிய ஒரு கம்பு தெரிந்தது. அதன் நுனியில் மஞ்சள் துணி. கிட்டப் போனதும் கமலாசனி துணியை எட்டிப் பிடித்தாள். அவளுடைய பழைய மஞ்சள் சேலையின் கிழிசல். அடுப்படியில் பிடிதுணிக்கு என்று கிழித்து வைத்து, காணாமல் தேடின துண்டு. என்னுடைய சேலை என்றுதான் கொண்டுவந்து கட்டினாரா, கைக்கு எட்டின துணி என்று கட்டினாரா? துணி சொல்லவா போகிறது.

கம்புக்கு அப்பால் ஒரு மணல் திட்டு. இரண்டு பரப்புக் காணி அளவுதான். நடுவில் ஒரு உடைமரம். வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு ஏறினாள்.

"ஆரவள்? வெளியால வரச் சொல்லுங்கோ" என்று சத்தம் போட்டாள்.

இரண்டு கொக்குகள் எழும்பிப் போயின.

மரத்தடியில் பச்சைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. ஒரு கை உடைந்தது. "அந்தக் கதிரை எங்க?" என்று மூன்று வருடத்துக்கு முன் அவள் ஒரு கிழமை வீட்டைத் தலைகீழாக்கிய அதே கதிரை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். கதிரை தண்ணீரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. மூன்று கல், கரி. கிளையில் ஒரு விசுக்கோத்துத் தகரம் தொங்கியது. கழற்றித் திறந்தாள். பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, தேயிலை, காய்ந்த இஞ்சி, கரி பிடித்த கேத்தல். ஒரு கோப்பை.

மற்றக் கோப்பையைத் தேடினாள். தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள். மரத்தைச் சுற்றி வந்தாள். கையால் மணலைக் கிளறினாள். ஒரு கொண்டை ஊசி, ஒரு காப்புத் துண்டு, ஒரு பூ நார், எதுவாவது இருக்கும். "எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? எனக்குத் தெரியும், நான் கண்டுபிடிக்காமல் போகமாட்டன். எத்தினை நாள் பொய், எத்தினை மூட்டை அரிசி, அதையும் நான் ஊருக்கெல்லாம் அளந்து குடுத்து, எங்கட வயல் எங்கட வயல் எண்டு..." கிளறிக்கொண்டே பேசினாள். பேசிக்கொண்டே கிளறினாள். நகத்துக்குள் மணல் ஏறி இரத்தம் கசிந்தது.

ஒன்றும் இல்லை. ஒருத்தியும் இல்லை. ஒரு கதிரை, ஒரு கோப்பை.

ஒருத்தி இருந்திருந்தால் கமலாசனி அவளைத் திட்டியிருப்பாள், மண்ணள்ளித் தூற்றியிருப்பாள், பிறகு இருவரும் சேர்ந்து அழுதும் இருக்கலாம். இங்கே யாரைத் திட்டுவது?

பேச்சு நடுவில் அறுந்தது. அறுந்த பிறகுதான், வந்ததிலிருந்து தான் பேசிக்கொண்டே இருந்தது அவளுக்குத் தெரிந்தது. கதிரையில் போய் இருந்தாள். தண்ணீர் மணலை நக்குகிற சத்தம். வள்ளத்தின் வயிற்றில் சின்ன அலை தட்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. இதைக் கேட்கத்தான் மனுசன் இவ்வளவு தூரம் வந்தது.

பின்னேரம் காற்று விழுந்துவிட்டது. பாயைப் போர்த்துக்கொண்டு வள்ளத்துக்குள் படுத்தாள். அதற்கு முன் அவருடைய கேத்தலில் அவருடைய தேயிலையைக் கொதிக்க வைத்துக் குடித்தாள். கசந்தது. முழுவதும் குடித்தாள். கோப்பையைக் கழுவி, தகரத்தில் போட்டு, கிளையில் கொழுவினாள். கதிரையை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் மத்தியானக் காற்று அவளைக் கரைக்குக் கொண்டுவந்தது. ரூபன் இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து நிற்கிறான் என்று முகத்தில் தெரிந்தது.

"கண்டியளோ, அம்மா?"

"ஒரு கதிரை."

"ஓம்."

"ஒண்டே ஒண்டுதான்."

"ஓம், அம்மா."

அவன் வள்ளத்தைப் பிடித்து இழுத்தான். அவள் இறங்கவில்லை. "ரூபன், உண்மையைச் சொல்லு. நான் கதைக்கிறது கூடவோ?"

ரூபன் கயிற்றைக் கம்பத்தில் கட்டினான். அவிழ்த்தான். திரும்பவும் கட்டினான். ஒரு முடிச்சுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ஐயா உங்கட கதையளைத்தான் எங்களுக்குச் சொல்லுறவர்" என்றான் கடைசியில். "ஒரு சொல்லும் விடாமல் சொல்லுவார்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பஸ் தரிப்பிடத்தில் தொலைபேசி அடித்தது. தாட்சாயினி. "எங்கயணை போனனீங்கள்? இரவு முழுக்க எடுக்கிறன். உயிரோட இருக்கிறியள் எண்டு ஒரு சொல் சொல்லக்கூடாதோ? என்ன அங்க? ஆரும் இருந்தவையோ? அம்மா? கேக்குதோ?"

முந்தின நாள் என்றால் கமலாசனி பஸ் பரந்தன் போய்ச் சேரும் வரைக்கும் சொல்லியிருப்பாள். தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, தூரத்தில் ஆடுகிற வள்ளத்தைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.