அவளே எழுதிய பரிந்துரை

முனைவர் பட்ட உதவித்தொகைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு யார் வந்தாலும் பேராசிரியர் ஒரே பதிலைத்தான் சொல்வார். "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." மாணவர்களும் தங்களை அடக்கத்தின் சிகரமாக எழுதி வருவார்கள். அவர் படிக்காமலே கையெழுத்திடுவார்.

அவரிடம் படித்த மாணவி ஒருத்தியின் கடிதத்தில் பேனாவை வைக்கப் போனவர், கண்ணில் பட்ட வரியில் நின்றுவிட்டார்.

"'இவர் அடக்கமானவர் அல்லர். என் கட்டுரையின் மூன்றாவது அட்டவணை தவறு என்று ஆறு மாதம் வாதாடினார். அது தவறுதான்.' என்னம்மா இது?"

"உண்மை சார்."

"பழைய கடிதம் ஒண்ணு தர்றேன், பேரை மட்டும் மாத்திக்கோ. அஞ்சு மணிக்கு விண்ணப்பத்த மூடிடுவாங்க."

"என் ஆராய்ச்சியே அந்த அட்டவணையத் திருத்தத்தான். அதை மறைச்சிட்டு எதுக்கு சார் பணம் கேக்கறது?"

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"கடிதம் இல்லாமலே அனுப்புவேன். ஏன் இல்லைன்னும் எழுதுவேன்."

"கடிதம் இல்லன்னா படிக்காமலே தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். அடுத்த வருஷமும் இதையேதான் எழுதுவேன்."

மணி நான்கரை. அவர் கடிதத்தை மறுபடி படித்தார். 'ஆறு' என்பதை அடித்து 'எட்டு' என்று எழுதினார். கீழே கையெழுத்திட்டார்.

"எழுதறதுன்னா சரியா எழுது. எட்டு மாசம் என் உயிர வாங்கின."

"மொத ரெண்டு மாசம் நீங்க காதுலயே போட்டுக்கலையே சார். அதை நான் சேக்கல" என்றபடி கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.