இடுப்புக்குக் கீழே நமசிவாயத்தின் காணி

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அடுத்த கிழமை, மருதனார்மடத்துக்கு மேற்கே இராசநாயகத்தாரின் வாழைத்தோட்டத்தில் ஓர் அரசர் அகப்பட்டார். அரசர் என்று சொன்னது இராசநாயகத்தார்தான். பதுங்குகுழி வெட்டச் சொல்லி ஊர் அதிகாரியான விதானையார் வீடுவீடாக உத்தரவு போட்டிருந்தார். வேலியோரம் ஐந்தடி ஆழத்துக்குச் செம்மண்ணைத் தோண்டியபோது கறுப்பும் சிவப்புமாகப் பானைகள் வந்தன. நடுவே நீட்டிப் படுத்திருந்தது ஓர் எலும்புக்கூடு, கால்பக்கம் வேலிக்கடியில் மண்ணுக்குள் மறைந்தபடி. கைகளில் சங்கு வளையல்கள். தலைமாட்டில் ஒரு சட்டி, அதற்குள் வட்டவட்டமாக வெள்ளை மணிகள்.

"வீரவளை. முத்துமாலை. ராசா இல்லாமல் வேறை ஆர்?" என்றார் இராசநாயகத்தார். மலாயா ரெயில்வேயில் முப்பது வருசம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். அவர் கொடி காட்டினால் காட்டியதுதான்.

முதல் பானையைத் தூக்கியதும் அது கைக்குள்ளேயே நொறுங்கியது. ஆகவே எதையும் மேலே எடுப்பதில்லை, கிடந்ததைக் கிடந்த இடத்திலேயே காட்டுவது என்று முடிவாயிற்று. பனங்குற்றிகளால் கூரை, மண்ணில் வெட்டிய ஏழு படிகள், உள்ளே இரண்டு அரிக்கன் லாம்பு, வாசலில் 'நிலத்தடி நூதனசாலை' என்று ஒரு பலகை.

"அப்ப, குண்டு விழுந்தால் நாங்கள் எங்கை போறது?" என்று கேட்டாள் அவர் மனைவி பூரணம்.

"ராசாவுக்குப் பக்கத்திலை இருக்கலாம்."

"அவர் எழும்பி இடம் தருவாரோ?"

சுன்னாகத்திலிருந்தும் மானிப்பாயிலிருந்தும் சனம் வந்தது. வந்தவர்கள் அரசரைப் பார்த்தார்கள், பூரணத்தின் கோப்பியைக் குடித்தார்கள், "உங்கடை சாயல் கொஞ்சம் இருக்கு" என்று இராசநாயகத்தாரிடம் சொல்லிப் போனார்கள். எலும்புக்கூட்டின் சாயல் என்று சொன்னதற்கும் மனிதருக்குப் பூரிப்பு.

அரசர் படுத்திருந்த விதத்தில்தான் சிக்கல். தலையும் மார்பும் இவர்கள் காணியில். இடுப்புக்குக் கீழே, வேலியைத் தாண்டி, நமசிவாயத்தின் காணி. நமசிவாயம் இராசநாயகத்தாரின் ஒன்றுவிட்ட தம்பி. அந்த வேலியால் இருவருக்கும் பத்து வருசமாகக் கதைபேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவரும் தன் பக்கத்தால் தோண்டிக் கால்களைக் கண்டுபிடித்தார். படி வெட்டினார். இன்னும் பெரிய பலகையாக நட்டார்: 'அரசர் திருவடி தரிசனம்.' இரண்டு வீட்டு விருந்தாளிகளும் நிலத்துக்கு அடியில் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டதால், நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்கள்.

"செத்த மனுசரைப் பங்கு போட்டதை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள் பூரணம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது அவளுக்குப் பழகிப்போனதுதான்.

பத்திரிகையில் செய்தி வந்தது. புதைபொருள் அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வருவதாகக் கடிதமும் வந்தது. அவர் வரும் நாள் காலை இராசநாயகத்தார் மலாயாவில் போட்ட கோட்டைத் தேடிக்கொண்டிருக்க, பூரணம் குழியைக் கூட்ட இறங்கினாள். கூரையில் ஒரு குற்றி சரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்படலையில் கனிசியஸின் சைக்கிள் மணி அடித்தது. மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவருபவர்.

"கனிசியஸ், இஞ்சை வந்து இதை ஒருக்காப் பிடியும்!"

அந்த வீட்டு வாசற்படியைக் கனிசியஸ் ஒருநாளும் மிதித்ததில்லை, மிதிக்க விட்டதுமில்லை. நிலத்துக்குக் கீழே என்ன சட்டம் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. இறங்கி வந்து குற்றியை நிமிர்த்தியவர், சட்டியையும் அதன்மேல் 'அரசரின் முத்துமாலை' என்று எழுதியிருந்த மட்டையையும் பார்த்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"அம்மா, இது சுறா முள்ளந்தண்டு. நேற்றும் நாங்கள் இதை நாய்க்குப் போட்டனாங்கள்."

பூரணம் சட்டியருகே குந்தினாள். அடியில் கரி பிடித்திருந்தது. மூன்று பிள்ளை பெற்றவள் அவள். மூன்று தரமும் பால் சுரக்கவென்று சுறா வறை தின்று அலுத்தவள். கழன்று கிடந்த வளையல் ஒன்றை எடுத்துத் தன் கையில் விட்டாள். விரல் மூட்டில் இறுகியது. பிறகு வழுக்கிப் போய் மணிக்கட்டில் நின்றது. அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கழற்றப் பார்த்தாள். கழலவில்லை.

மேலே கார் வந்து நின்றது.

அதிகாரி கண்ணாடி போட்ட இளைஞர். தலைமாட்டில் இராசநாயகத்தார் இங்கிலீசில் வரவேற்புரை வாசித்தார். சாக்குக்கு அப்பால் நமசிவாயம் தேவாரம் எடுத்தார். இரண்டையும் கேளாமல் அதிகாரி முழங்காலில் நின்று அளந்தார். இடுப்பெலும்பு சரியாக எல்லையில் கிடந்ததால் சாக்கைக் கழற்றச் சொன்னார். பத்து வருசத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் கிட்டத்தில் பார்த்தார்கள்.

"பத்திரிகையிலை ஒன்பது வளையல் எண்டு எழுதியிருக்கு. எட்டுத்தானே கிடக்கு?" என்றார் அதிகாரி.

பூரணம் கையை நீட்டினாள். "இஞ்சை இருக்கு ஐயா. கழலுதில்லை."

இராசநாயகத்தார் வரவேற்புரைத் தாளைக் கசக்கினார். "ராசாவின்ரை வளையையோ!"

"ராசாவோ? உங்கடை கையிலை விட்டுப் பாருங்கோவன், நாலு விரல் தாண்டுதோ எண்டு. ஐயா, உது பொம்பிளை. சுறா காய்ச்சின பொம்பிளை. அது முத்துமாலையில்லை, சுறா முள்ளு."

அதிகாரி ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மா சொல்லுறது சரி. இடுப்பும் பொம்பிளையின்ரைதான்." பிறகு கொப்பியை எடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதினார். அவள் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் எழுதிக்கொள்வதைப் பூரணம் அன்றுதான் கண்டாள். எழுத்துகளை எட்டிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்க்கவும் செய்தாள்.

முதலில் தெளிந்தவர் நமசிவாயம். "பொம்பிளையின்ரை காலைச் சனத்துக்குக் காட்டுறது மரியாதையில்லை" என்றார். பொழுதுபடமுன்னம் அவருடைய பலகையைக் காணவில்லை.

"மூடிவிடுவம்," என்றார் இராசநாயகத்தார். "மீன் தின்னிக்கு ஒரு நூதனசாலையோ?" வெள்ளியும் செவ்வாயும் தவிர மற்ற நாளெல்லாம் மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர்.

"எடுத்தால் எல்லாம் நொறுங்கும். இங்கையே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "ஆர் பாத்துக்கொள்ளுறது?"

"நான்" என்றாள் பூரணம்.

தேங்காய் எண்ணெய் பூசி வளையலைக் கழற்றி, கிடந்த இடத்திலேயே வைத்தாள். இராசநாயகத்தார் இரண்டு நாள் கோபத்தில் இருந்தார். மூன்றாம் நாள் கிணற்றடியில் வேறு பதுங்குகுழி வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கூடை மண்ணையும் விரலால் கிளறிப் பார்த்தார். ஓடு ஒன்றுகூட அகப்படவில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஏமாற்றந்தான்.

நூதனசாலைக்கு இப்போது பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். சட்டியைப் பார்த்து, சுறாவுக்கு இவள் என்ன போட்டிருப்பாள், அந்தக் காலத்தில் மிளகாய் ஏது என்று நின்று வாதாடினார்கள். பலகையில் புதிதாக எழுதியிருந்தது: 'சமைத்த பெண்.' ஒருநாள் உடுவிலிலிருந்து ஒருத்தி கர்ப்பிணி மகளோடு வந்தாள். கையில் தட்டம், வெற்றிலை, கற்பூரம்.

"இஞ்சை எந்த நாளிலை பூசை?"

"பூசை ஒண்டும் இல்லை. கற்பூரத்தை மேலை வையுங்கோ, புகை பானையைக் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டு, பூரணம் லாம்பை உயர்த்திப் பிடித்தாள். "குனிஞ்சு வா பிள்ளை. மூண்டாம் படி வழுக்கும்."