புகைகிற எதுவும்

தீர்மானம் நிறைவேறிய பதினோராவது நாள், காலை பத்தே காலுக்கு, நகரமன்றத் துணைத்தலைவரின் சட்டைக் காலரிலிருந்து புகை வந்தது. சிகரெட் நெருப்பு உள்ளே விழுந்துவிட்டதென்று நினைத்து ஓர் ஊழியர் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் கவிழ்த்தார். துணைத்தலைவர் நனைந்தார். புகை நிற்கவில்லை. டாக்டர் வந்து, உடல்சூடு சரி, நாடி சரி, புகை மட்டும் வருகிறது என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்று அவர் நான்கு வருடமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது ஊரறிந்த விஷயம். உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். சாயங்காலத்துக்குள் பெட்ரோல் பங்க் முதலாளியும், பேருந்து நிலையத்து நேரக்காப்பாளரும், ஒரே பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இரண்டு டீச்சர்களும் புகைய ஆரம்பித்திருந்தார்கள்.

தவறு தீர்மானத்தின் வாசகத்தில் இருந்தது. ‘நகர எல்லைக்குள் புகைகிற டீசல் வாகனம் எதுவும் இருக்கக் கூடாது’ என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். தங்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று லாரி உரிமையாளர்கள் சண்டை போட்டதால் ‘டீசல்’ என்ற சொல்லை எடுத்தார்கள். வாகனத்துக்கே தடை என்று ஜனங்கள் புரிந்துகொண்டால் மின்சார ஸ்கூட்டரை எவன் வாங்குவான் என்று ஷோரூம்காரர்கள் கேட்டதால் ‘வாகனம்’ என்ற சொல்லையும் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் மேஜையைத் தட்டியபிறகு மிஞ்சியது, ‘நகர எல்லைக்குள் புகைகிற எதுவும் இருக்கக் கூடாது’ என்பது. இரு தரப்பும் ஜெயித்துவிட்டதாகக் கைகுலுக்கி ஒருமனதாக நிறைவேற்றின. அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் பிற்பாடு விலக்குக் கொடுத்தார்கள். மனிதர்களுக்கு விலக்குக் கேட்டால் மன்றமே புகைகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நகரமன்றத் தலைவி மறுத்துவிட்டார். அவர் அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தார்.

வாகனப் புகைப் பரிசோதனை மையம் நடத்திவந்தவனை ஊர் புகைக்காரன் என்று கூப்பிட்டது. இயற்பியல் படித்தவன், முப்பத்திரண்டு வயது, மனைவியை இழந்தவன். மின்சாரப் பேருந்து வந்தால் தன் கடையை மூடவேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூட வேண்டாம், இனி ஆட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடு என்று நகரமன்றம் உத்தரவு அனுப்பியது. இயந்திரம் பழையதேதான். குழாயை வண்டிக்குப் பின்னால் சொருகுவதற்குப் பதில் காலருக்குள் சொருகவேண்டும். அடர்த்தி அறுபத்தைந்தைத் தாண்டினால் ஃபெயில். மூன்று முறை ஃபெயிலானால் ஏழு நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம், நகர எல்லைக்கு வெளியே, போய்விடவேண்டும். வண்டியை மூன்று தடவை ரேஸ் கொடுக்கச் சொல்லித்தான் அளவெடுப்பது வழக்கம். ஆளுக்கு எப்படி ரேஸ் கொடுப்பது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். எதைச் சொன்னால் புகைவார்களோ அதை மூன்று முறை சொல்லவேண்டும். துணைத்தலைவருக்கு “தலைவி” என்றான். பங்க் முதலாளிக்கு “சார்ஜிங் ஸ்டேஷன்” என்றான். சூரியத்தகடு விற்பவர், “இவங்க கரண்டு எங்கேருந்து வருதாம்? நிலக்கரியை எரிச்சுத்தானே?” என்று தன்னை யாரோ டீக்கடையில் மடக்கியதை நினைத்த மாத்திரத்தில் முள் தொண்ணூறுக்குப் போனது. ஊரின் கூரைகளில் புதிதாகப் பதித்த சூரியத்தகடுகள் மீது மனிதக் கரி படிந்து மின்சாரம் பாதியாகக் குறைந்தது. அதற்கு யார் காரணம் என்று விவாதித்ததில் இன்னும் கொஞ்சம் கரி படிந்தது.

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் புகைக்காரன் தினமும் முதலில் தன் காலரில்தான் குழாயைச் சொருகுவான். பூஜ்யம் காட்டும். மூன்று முறை மனைவியின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். பூஜ்யம்தான். ஊரில் பெரியவர்களில் பூஜ்யம் வாங்கிய ஒரே ஆள் அவன் என்று தெரிந்ததும் தலைவி அவனை வரவழைத்து, மின்சாரப் பேருந்தின் முதல் ஓட்டத்தில் முதல் இருக்கை உங்களுக்குத்தான் என்றார். சரி என்றான். வீட்டில் அவனால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமுடியாது. அலமாரியை வடக்குச் சுவருக்கு நகர்த்துவான், மறுநாள் தெற்குச் சுவருக்கு. நடந்தே போய்ப் பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். அதை யாரும் புகை என்று கணக்கில் எடுக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்பு, மின்சாரப் பேருந்துத் திட்டத்தை எதிர்த்து அந்தப் பாலத்தில்தான் மறியல் நடந்தது. மூன்று லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். போலீஸ் எடுத்துப் போட்டுவிடக் கூடாதென்று மூன்றிலிருந்தும் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டுக்கு அனுப்பிவைத்தார் சங்கச் செயலாளரான டீசல் மெக்கானிக். அவ்வளவு சுத்தமாக வேறு யாராலும் கழற்றியிருக்கமுடியாது, திரும்ப மாட்டியிருக்கவும் முடியாது. வரிசையில் ஏழாவதாக நின்ற வாடகைக் காரில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவள் அவருடைய ஒரே தங்கை, புகைக்காரனின் மனைவி. விஷயம் புரிந்து மோட்டார்களைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டி லாரியை நகர்த்த ஐம்பது நிமிடம் ஆனது. அவளுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. டீசல் புகை கொன்ற பெண் என்று ஒரு கட்சி அவள் படத்தைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டியது. மின்சாரப் பேருந்துக் கொள்கைக்குப் பலியான பெண் என்று அதே படத்தை எதிர்க்கட்சி ஒட்டியது. இரண்டும் மழையில் தானாகக் கிழிகிறவரைக்கும் அவன் ஒன்றையும் கிழிக்கவில்லை. மெக்கானிக் ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்கு வந்தார். வாங்க மச்சான், சாப்பிடுங்க மச்சான் என்பான். சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த மெக்கானிக்தான் இப்போது ஊரிலேயே அதிகமாகப் புகைந்தார். தெருவில் அவர் நடந்தால் துணி காயப்போட்டவர்கள் ஓடிவந்து எடுத்தார்கள். இருமுறை ஃபெயிலாகியிருந்தார். மூன்றாவதும் போய்விட்டால் இருபத்தாறு வருடத்துப் பட்டறையும் அதன் மாடியில் இருக்கும் வீடும் போய்விடும். பேருந்தின் முதல் ஓட்டத்துக்கு முந்தைய நாள் மையத்துக்கு வந்து, நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

“உட்காருங்க மச்சான்.”

“உட்கார்ந்தா அணைஞ்சிடுமா? சொருகு மாப்ள.”

குழாயைச் சொருகியதும் எண்பத்திரண்டு காட்டியது. புகைக்காரன் விதிப்படி, “மின்சார பஸ்” என்றான். எண்பத்திரண்டிலேயே நின்றது. மறுபடி சொன்னான். அசையவில்லை.

“அட போப்பா, நானே நாலு பஸ்ஸுக்கு பிரேக் பார்த்துக் குடுத்திருக்கேன். அது வாயில்லாப் பூச்சி. அதுமேல எனக்கென்ன கோபம்?”

“அப்ப எதுக்கு மச்சான் இவ்வளவு புகை?” என்று அவன் மெதுவாகக் கேட்டான். முள் தொண்ணூற்று நான்குக்குத் தாவியது.

“பாரு, இந்தக் குரல்தான்!” என்று மெக்கானிக் முள்ளைக் காட்டினார். “பதினாலு மாசமா வர்றேன். உட்காருங்கங்கற, சாப்பிடுங்கங்கற. மோட்டாரைக் கழட்டுனவன் எவன்னு ஊருக்கே தெரியும். ஒரு தடவை, ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு என்னைக் கேட்டியா? உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப சொல்லித் தொலையேன்டா!”

புகைக்காரன் குழாயைப் பார்த்தான். விதிப்படி மூன்று முறை. “நீங்கதான்” என்றான். தொண்ணூற்று நான்கு எழுபதுக்கு இறங்கியது. “நீங்க கழட்டுனதாலதான் அவ போனா.” நாற்பது. மூன்றாவதுக்கு நேரம் பிடித்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை. “கார்லேருந்து இறங்கி ஓடிவந்து உங்க முன்னாடி நின்னேன். நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க மச்சான். மாப்ளயும் நம்ம பக்கம் வந்துட்டாரு, கை தட்டுங்கடான்னீங்க. எல்லாரும் தட்டுனாங்க. அந்தச் சத்தத்துல நான் சொன்னது உங்களுக்குக் கேக்கல. நாலு தடவை சொன்னேன்.”

மெக்கானிக்கின் காலரில் ஒன்றுமில்லை. முள் பூஜ்யம் காட்டியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சுருதியில்லாமல் சத்தம் போட்டு அழுதார். புகைக்காரன் பாஸ் சான்றிதழை அச்செடுத்து முத்திரை குத்தினான். குத்தும்போது கரிவாசனை வந்தது. இயந்திரத்தில் ஏதோ கருகுகிறதென்று நினைத்துச் சுவிட்சை அணைத்தான். அப்புறம்தான் தன் காலரைக் குனிந்து பார்த்தான்.

மறுநாள் முதல் இருக்கையில் அவன் உட்கார்ந்ததும் பேருந்தின் கூரை கறுத்தது. தலைவி பதறிப்போய், “என்ன தம்பி இது, இன்னைக்குப் பார்த்தா?” என்றார். அவன் எழுந்து மையத்துக்குப் போய்த் தன்னையே அளந்தான். எழுபத்தொன்று. அன்றும் அடுத்த இரண்டு நாளும் அளந்து, மூன்று ஃபெயில் சான்றிதழிலும் தானே கையெழுத்துப் போட்டு, ஏழு நாள் அவகாசம் முடியக் காத்திராமல் அலமாரியை வண்டியில் ஏற்றினான். மச்சான் முன்னால் நின்று வண்டியை இழுத்தார். அவர் அதற்குள் பட்டறைப் பலகையில் மின்சார வண்டியும் பார்க்கப்படும் என்று எழுதிவிட்டிருந்தார். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் அலமாரியை இறக்கினார்கள். எந்தச் சுவரில் வைக்க என்று அவர் கேட்டதற்கு, இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றான்.

மூன்று வருடத்தில் ஊரில் பாதிப்பேர் அந்தப்பக்கம் குடிவந்துவிட்டார்கள். தீர்மானத்தைத் திருத்தலாம் என்று எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டன. ஆனால் கூட்டம் நகர எல்லைக்குள் நடக்கவேண்டும், உள்ளே நுழையத் தகுதியுள்ள உறுப்பினர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மின்சாரப் பேருந்துகள் பாலத்தைத் தாண்டி ஓடின. ஒரு தகராறும் இல்லாமல், வந்த சுவடு தெரியாமல் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் அதிலேயே வந்து இறங்கி, இன்னைக்கு எவ்வளவு மாப்ள என்று கேட்பார். அறுபத்தெட்டு என்றோ எழுபது என்றோ பதில் வரும். சில ஞாயிறுகளில் புகைக்காரன் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான், சில ஞாயிறுகளில் இருவரும் அவளைப் பற்றிப் பேசினார்கள். அந்தப்பக்கத்து நிறுத்தத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று கடைசிவரை ஒத்துப்போகாததால் பலகையே வைக்கவில்லை. கொட்டகைக் கூரைக்கு மேல் எழும் புகையைத் தூரத்திலிருந்தே பார்த்து ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். புகை தெரியுது, இறங்குறவங்க முன்னாடி வாங்க என்று நடத்துநர் குரல் கொடுப்பார்.