பட்டறை மண்ணும் கச்சா எண்ணெயும்

நாகஜோதி அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறாள். கடலில் கொட்டிய கச்சா எண்ணெயைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவைத் தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. படகுத்துறைகளில் அள்ளி வந்த மண்ணில் கிடைத்தவை எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குடுவையில் கடல் தண்ணீரை ஊற்றி, எண்ணெய் விட்டு, அவற்றைப் போட்டு ஆட்டி வைத்தாலும் எண்ணெய் பாலாடை மாதிரி கறுப்பு ஆடையாக மிதந்துகொண்டே இருக்கும்.

அவள் கணவன் விஜயபாண்டிக்குத் திருச்சுழி ரோட்டில் டிராக்டர் பட்டறை. மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோனவள், பட்டறையின் பின்பக்கம் போய் நின்றாள். வருசக்கணக்காகக் கழிவு ஆயிலைக் குடித்துக் கறுத்த மண். அந்த மண்ணில் கொட்டுகிற போர்வெல் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. உப்புக்கும் எண்ணெய்க்கும் சேர்ந்து பழகிய உயிர் ஏதாவது இதில் இருந்தால், கடல் தண்ணீரிலும் அது பிழைத்துக்கொள்ளுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னங்க, ஒரு டப்பா குடுங்க. மண்ணு எடுக்கணும்."

விஜயபாண்டி சிரித்தான். "வீட்டுக்கு வந்தா ஆயிலு நாத்தம்னு வெரட்டுவ. இப்ப நீயே அந்த மண்ணைச் சுமந்துட்டுப் போறியாக்கும்?"

அந்த மண்ணில் ஒரு சிட்டிகை போட்ட குடுவையில், அடுத்த வாரத்துக்குள் கறுப்பு ஆடை உடைந்து போயிருந்தது. எண்ணெய் பொடிப்பொடியாகச் சிதறி, தண்ணீர் டீ மாதிரி கலங்கியிருந்தது. உடனே கணவனுக்குப் போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் அவன் டீக்கடை, உரக்கடை என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டான்.

மறுபடி அவள் பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் மருதுபாண்டி கேட்டான். "மதினி, அந்த எடத்துலதான் நாங்க தெனமும் சோப்புத்தூள் போட்டுக் கையக் கழுவுறோம். அதுனால ஒங்க மண்ணுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

நாகஜோதி அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெயைப் பொடியாக உடைக்கிற வேலையைச் சோப்பும் செய்யும்.

"அப்ப எல்லாம் பொய்யா?" என்றான் விஜயபாண்டி.

"தெரியலைங்க. திரும்பச் செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"நான் ஊரு பூராம் சொல்லிட்டேனே ஜோதி!"

"ஆர் ஒங்களச் சொல்லச் சொன்னது?" என்றாள். இருவருக்குமே சிரிப்பு வந்தாலும், அன்று முழுக்க அவளுக்கு மனசு கனமாகவே இருந்தது.

முதலிலிருந்து தொடங்கினாள். மண்ணிலிருந்து ஒரே வகைப் பாக்டீரியாவை மட்டும் பிரித்தெடுத்தாள். அதை மண்ணோ சோப்போ படாத, உப்புக் கலந்த சத்து நீரில் வளர்த்தாள். வளர்ந்த பின் அந்த நீரை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, பாக்டீரியாக்களை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்தாள். சோதித்துப் பார்க்கிற அன்று விஜயபாண்டியையும் வரச்சொன்னாள். சலவைச் சட்டையோடு வந்தான்.

அகலமான தட்டுகளில் தண்ணீர். அதன்மேல் மெல்லிய கச்சா எண்ணெய்ப் படலம். முதல் தட்டில், எதுவும் வளர்க்காத வெறும் சத்து நீரைச் சொட்டு விட்டாள். படலம் அசையவில்லை. அடுத்த தட்டில் பாக்டீரியா வளர்ந்து தெளிந்த நீரை ஒரு சொட்டு விட்டாள். எண்ணெய் சட்டென்று நாலா பக்கமும் விலகி ஓடியது. நடுவில் தெளிந்த வட்டம்.

"ஏய், ஓடுதுடி!" என்று கத்தியவன், பிறகு சந்தேகத்தோடு, "சோப்பு இல்லையே?" என்றான்.

"ஒரு வகைச் சோப்புதாங்க. ஆனா நாம போட்டதில்ல, அதுகளே செஞ்சது. எண்ணெய் தண்ணிமேல ஆடையா மெதந்தா அதுகளால முழுசாத் திங்க முடியாது. பொடிப்பொடியாக் கலைச்சு விட்டாத்தான் எல்லாத்துக்கும் எட்டும்."

அவனும் இன்னொரு தட்டில் சொட்டு விட்டுப் பார்த்தான். அங்கேயும் வட்டம் விழுந்தது. அவள் அளவுகோலை வைத்து அதை அளந்து குறித்துக்கொண்டாள்.

பிரித்தெடுத்த பாக்டீரியாவைக் கடல் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தாள். சில வாரங்களில் அந்தக் குடுவைகளில் எண்ணெய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பாக்டீரியா போடாத குடுவைகளில் அவ்வளவு குறையவில்லை.

"அப்ப கடல்ல ஊத்திரலாமா?" என்று கேட்டான் விஜயபாண்டி.

"அம்புட்டு லேசில்லைங்க. கடல்ல அலையிருக்கு, மீனிருக்கு. அதுகளுக்குக் கெடுதல் வருமான்னு பாக்கணும். குடுவையில செய்றது வேற, கடலு வேற."

அடுத்த சோதனைக்கு நிறையக் கடல் தண்ணீர் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சாயல்குடி தாண்டிக் கடற்கரைக்குப் போனார்கள். விஜயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்று கேனை அமுக்கினான். ஒரு அலை வந்து அவனை முழுக்க நனைத்துவிட்டுப் போனது. கரையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்த நாகஜோதி, "கேனை விட்ராதீக!" என்று கத்திக்கொண்டே எழுந்து தண்ணீருக்குள் ஓடினாள்.