தலை சாய்க்கும் வேலி

ஸ்டோல்ட்ஸ் வீட்டு வேலியில் நின்ற நாற்பத்திரண்டு ஹெம்லாக் மரங்களும், அடுத்து எந்த வீட்டில் சாவு விழுமோ அந்தப் பக்கம் தலை சாய்த்தன. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பெயரைக் கேட்டு விஷச்செடி என்று பயந்துவிட வேண்டாம், அது வேறு. இது பென்சில்வேனியாக்காரர்கள் அழகுக்கு வளர்க்கிற சாதுவான ஊசியிலை மரம். அதன் நுனிக்குருத்து எப்போதும் துவண்டுதான் இருக்கும். நாற்பத்திரண்டும் ஒரே திசையில் துவண்டால்தான் வம்பு. சாவு வீட்டுக்கென்றே செய்கிற உருளைக்கிழங்கு சீஸ் பதார்த்தத்தை ஊர்ப்பெண்கள் முன்கூட்டியே கொண்டுவந்துவிடுவார்கள், பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் பெயர் எழுதி ஒட்டி.

ஒரு மே மாதம் குருத்துகள் ஸ்டோல்ட்ஸ் வீட்டையே பார்த்தன. ஹார்லனின் இதயம் ஏற்கெனவே இரண்டு முறை மக்கர் பண்ணியிருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த மத்தியானம், மனைவி வெர்னா ஏணியைச் சாத்தி அத்தனை நுனியையும் வெட்டித் தள்ளிவிட்டாள்.

"அடிப்பாவி, குருத்தையா வெட்டின? ஒண்ணை வெட்டினா ரெண்டா வருமே!" என்றார் ஹார்லன். ஆயுசு முழுக்க மரக்கன்று வளர்த்து விற்றவர்.

"வரட்டும். நீ இருக்கியே, போதும்."

அந்த வருஷம் ஊரில் யாருமே சாகவில்லை. அடுத்த மே மாதம் ஒவ்வொரு மரத்திலும் இரண்டு குருத்து. ஒன்று அவர்கள் வீட்டைப் பார்த்தது. மற்றது சாலைக்கு அந்தப் பக்கம், ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் லோயிஸின் வீட்டை. பக்கத்து வீட்டு ஹெட்டி இரண்டு பாத்திரத்தோடு வந்தாள். "எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டா செஞ்சேன்."

வெர்னா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே எம்பொண்ணு வீட்டுக்குச் சாவுக்கு வழி காட்டிட்டேனே!"

ஹார்லன் கத்தரியை எடுத்தார். "ரெட்டைக் குருத்து வந்தா ஒண்ணை எடுத்துடணும். அப்பத்தான் நிக்கிறது நிக்கும்."

"எதை வெட்டப்போற?"

"கேக்குற கேள்வியப் பாரு."

நாலு மரத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, மகள் வீட்டைப் பார்த்த நாற்பத்திரண்டையும் அவர் வெட்டினார். பிறகு உள்ளே வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். ஹெட்டிக்கு உப்பு போடவே தெரியாது என்றார். பாத்திரத்தைத் தானே கழுவி, பெயர் தெரியும்படி கவிழ்த்து வைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வெர்னா அதைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றை ஜூலை கடைசியில் லோயிஸ் கொண்டுபோனாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. அதற்குள் மரங்கள் ஹெட்டி வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்ததால், பாத்திரத்தை அவள் வெறுமனே கொடுக்கவில்லை. ஹெட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உப்பு சரியாப் போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.