திருவாளர் டுவெயின் அவர்கள்

லண்டனில் பிளேஸ்டோவில் இருந்துகொண்டு அமெரிக்காவைத் திருத்துவது லேசான வேலை அல்ல. முதலில் நேர வித்தியாசம் இருக்கிறது. கிறிஸ்துராஜா பகல் சாப்பாட்டை முடித்து, கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, எல்லை மதிலைப் பற்றிப் பேசத் தொண்டையைச் செருமும்போது அங்கே பாதி நாடு பல் விளக்கிக்கொண்டிருக்கும். திருந்துகிற நேரமா அது?

ஆனாலும் ஆறு வருடமாக ஒரு சனிக்கிழமையைக்கூட அவர் தவறவிடவில்லை. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவை விமானத்தின் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. அது அவருடைய கருத்துகளுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. மதில் வேண்டும். துவக்கு, துப்பாக்கி வைத்திருக்கும் நல்ல மனிதரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பள்ளிக்கூடத்தில் காலையில் செபம் சொல்ல வேண்டும். பழைய தளபதிகளின் சிலைகளை நின்ற இடத்தில் நிற்க விட வேண்டும். சொல்லுக்குப் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

"அண்ணை, நீங்களே எண்பத்தொன்பதில பூக்கோவா லொறிக்குள்ள படுத்தெல்லோ வந்தனீங்கள்" என்று, காலிஃபிளவர் லொறியில் அவர் ஒளித்து வந்த கதை அறிந்த ஒருவர் பங்குக் கோயிலில் கேட்டார்.

"ஓம். மூண்டு நாடு தாண்டினன். ஒரு நாட்டிலயும் மதில் இல்லை. இருந்திருந்தால் மரியாதையாத் திரும்பிப் போயிருப்பன். பிழை ஆரில?"

கேட்டவர் தேநீர் எடுக்கப் போனார்.

சனிக்கிழமைதோறும் கைபேசியில் அவர் நடத்தும் அந்த வீடியோ நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் நாற்பத்திரண்டு பேர். நாற்பது பேர் பங்கு மக்கள். வாட்ஸப் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்று தெரியாதவர்கள். நாற்பத்தோராவது ஆள் மனைவி மெற்றில்டா; அவர் அடுப்படியில் நிற்பதால் கேட்காமல் இருக்க வழியில்லை. நாற்பத்திரண்டாவது ஆள் டெக்சஸில் இருந்தார். பெயர் டுவெயின். மாட்டுப் பண்ணைக்காரர். ஆறடி ஐந்து அங்குலம். வாசலால் நுழையும்போது தொப்பியை முதலில் உள்ளே அனுப்பி, இடம் போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் தான் வருவாராம்.

டுவெயினின் மகன் கேலப் ஹீத்ரோவில் விமானம் பழுது பார்க்கிறவன். ஹவுன்ஸ்லோவில் அறை எடுத்திருந்தான். கிறிஸ்துராஜாவின் மகள் பிறின்சி அதே விமான நிலையத்தில் மருந்துக் கடையில் வேலை. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இரண்டு கல்யாணப் பேச்சு வந்து முறிந்துபோனது. மூன்றாவது பேச்சை யாரும் பேசவில்லை. கேலப் இருமல் மருந்து வாங்க வந்து, இருமல் நின்ற பின்னும் ஏழு மாதம் வாங்கிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை அமெரிக்கன் என்றதும் முதலில் திகைத்த கிறிஸ்துராஜா, பெடியனின் தகப்பனுக்கும் தனக்கும் மதில் விஷயத்தில் ஒரு செங்கல்கூட வித்தியாசம் இல்லை என்று அறிந்ததும் உருகிப்போனார். டுவெயினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த வீடியோவின் அடியில் ஆங்கில எழுத்து தானாக ஓடும். இயந்திரம் மொழிபெயர்க்கும். மதில், துவக்கு, வரி, செபம் எல்லாவற்றையும் அது ஒழுங்காகவே மொழிபெயர்த்தது. மதிலுக்கு யாரும் மரியாதை கொடுத்துப் பேசுவதில்லை அல்லவா, அதனால் பிழை வரவில்லை.

பிழை, ஆட்களைப் பற்றிப் பேசிய அன்று வந்தது.

கிறிஸ்துராஜா முப்பது வருடமாகப் பங்கின் நிகழ்ச்சிகளுக்கு வரவேற்புரை சொல்பவர். மேடைத் தமிழில் 'அவர்கள்' போடாமல் ஒரு மனிதப் பெயரை அவர் விட்டதில்லை. மறைமாவட்ட ஆயர் அவர்கள், கவுன்சிலர் அவர்கள், ஒலிபெருக்கி உபயம் இராசநாயகம் அவர்கள். அந்தச் சனிக்கிழமை, தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ளாத ஒரே ஒரு ஆளை 'தே' என்று பன்மையில் அழைக்கும் அமெரிக்கப் புது வழக்கத்தை இருபது நிமிடம் வெளுத்து வாங்கினார். "ஒருமை ஒருமைதான், அதை மாற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை" என்றார். அப்படியே முகத்தை மலர்த்தி, "இவ்வேளையில் எனது துணைவியார் மெற்றில்டா அவர்களின் சார்பிலும் எனது சார்பிலும், எமது சம்பந்தியாராக வரவிருக்கும் திருவாளர் டுவெயின் அவர்களை வரவேற்கிறேன். டுவெயின் அவர்கள் சிறந்த கால்நடை வளர்ப்பாளர்கள்" என்று முடித்தார்.

டெக்சஸில் அன்று கோயில் மண்டபத்தில் விருந்து. டுவெயின் தன் வருங்காலச் சம்பந்தியைப் பெருமையாகக் காட்ட, பெரிய திரையில் வீடியோவைப் போட்டிருந்தார். எழுபது பேர் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆங்கில எழுத்து ஓடியது. மெற்றில்டா பன்மை. டுவெயின் பன்மை. வளர்ப்பாளர்களும் பன்மை. எழுபது கத்திகளும் ஒரே நேரத்தில் நின்றன என்றும், அந்த அமைதியில் வெளியே ஒரு மாடு அசை போட்டது கேட்டது என்றும் தகப்பன் வழியாக அறிந்து பின்னால் கேலப் சொன்னான். அவன் பொய் சொல்லுகிற பெடியன் அல்ல.

செய்தியை அடுப்படிக்குக் கொண்டுவந்தவள் பிறின்சி. குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, அந்தாள் கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்லமாட்டாராம். தன்னை எழுபது பேருக்கு முன்னால 'தே' எண்டு சொல்லிப்போட்டீங்களாம்."

"நானோ? நான் அதை எதிர்த்தெல்லோ பேசினனான்."

"எதிர்த்துப்போட்டு கடைசியில அதையே சொன்னனீங்கள். 'டுவெயின் அவர்கள்.'"

கிறிஸ்துராஜா முருங்கைக்காய் முறிப்பதை நிறுத்தினார். வாழ்நாள் முழுவதும் எதை எதிர்த்தாரோ அதைத்தான் வாழ்நாள் முழுவதும் பேசியிருக்கிறார் என்று ஒருவர் அறுபத்தெட்டு வயதில், கையில் முருங்கைக்காயோடு அறிந்துகொள்வது சின்ன விஷயம் அல்ல.

"அது மரியாதை எண்டு சொல்லன் பிள்ளை."

"கேலப் சொல்லிப் பாத்திட்டான். அதுக்கு அந்தாள் சொல்லுது, தங்கட ஊரிலயும் எல்லாரும் மரியாதை எண்டு சொல்லித்தானாம் தொடங்கினவை."

அந்தப் பதிலில் இருந்த நியாயம் கிறிஸ்துராஜாவைக் குத்தியது. அவரே சொல்லியிருக்கக்கூடிய பதில்.

"நீங்கள் இங்கிலீசில பேசுங்கோவன்" என்றார் மெற்றில்டா.

"அதுக்கும் மாட்டாராம் அம்மா. இங்கிலீசில எவரும் பொய் சொல்லலாமாம். கலியாணத்துக்கு முதல் நாள் ஹரோ மண்டபத்தில வரவேற்பு எல்லோ? அங்க அப்பா தன்ர பாசையில பேசவேணும், திரையில எழுத்து ஓடவேணும். ஒருக்கால் 'தே' வந்தாலும் அடுத்த பிளேனில திரும்பிப் போவாராம். தகப்பன் இல்லாமல் கேலப் கோயிலுக்கு வரமாட்டான். அவன் அப்பிடித்தான்." பிறின்சி கோட்டின் பொத்தானைத் திருகினாள். "இது மூண்டாவது அப்பா. நாலாவதுக்கு நான் இருக்கமாட்டன்."

"இப்ப நான் என்ன செய்யவேணும்?"

"'அவன்' எண்டு சொல்லுங்கோ. 'வந்தான்' எண்டு சொல்லுங்கோ. மிசின் அதைச் சரியா எழுதும். 'அவர்' எண்டால் சிலவேளை 'தே' எண்டு எழுதிப்போடும்."

"சம்பந்தியையோ?"

"எல்லாரையும். ஒராளை விட்டாலும் மாட்டுப்படுவம்."

மெற்றில்டா வெங்காயத்தை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், பயிற்சி நடந்தது. பின்வளவில் குப்பைப் பெட்டியைக் கிண்ட வரும் நரியை வைத்துத் தொடங்கினார். "நரி வந்தான்" என்று சொல்லப் போய், "நரியார் வந்திருக்கிறார்" என்றுதான் வாயில் வந்தது. நரியே திரும்பிப் பார்த்தது. நான்காம் நாள் முதன்முறையாக "வந்தான்" என்று சொன்னபோது கட்டுப்பல் வரிசை கழன்று புல்லில் விழுந்தது. நரி அதைக் கவ்விக்கொண்டு வேலி பாய்ந்தது. இரண்டு வேலி தாண்டி, குஜராத்தி வீட்டுக்காரரின் ரோசா மரத்தடியில் பல்வரிசை மீட்கப்பட்டது. கழுவிப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

ஹரோ மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இருநூற்றி எண்பது தமிழர்களும் பதினொரு டெக்சஸ்காரர்களும் கூடினார்கள். முன்வரிசையில் டுவெயின், மடியில் தொப்பி. அவருக்குப் பக்கத்தில் பங்குத் தந்தை மரியநேசன். திரைக்குப் பொறுப்பாக மெற்றில்டாவின் தம்பி கிளின்ரன் இருந்தான். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரை நினைவூட்டும் பெயர் என்ற அரசியல் காரணத்துக்காக அவனைக் கிறிஸ்துராஜா முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'கிளி' என்பார்.

"அத்தான், மைக் ஓன்" என்றான் கிளி.

கிறிஸ்துராஜா மேடை ஏறினார். தமிழ்ச் சனம் வழக்கம்போல 'அவர்கள்' மழைக்குத் தயாராகச் சாய்ந்து இருந்தது.

"டெக்சஸிலிருந்து டுவெயின் வந்திருக்கிறான்" என்றார் கிறிஸ்துராஜா.

திரையில் சுத்தமான ஒருமை ஓடியது. பதினொரு பேரும் கைதட்டினார்கள். இருநூற்றி எண்பது பேரின் கையில் இருந்த மீன் ரோல்ஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"டுவெயின் நல்லவன். மாடு வளர்க்கிறான். பங்குத் தந்தை மரியநேசனும் வந்திருக்கிறான். பதினாறு வருடமாக எங்களுக்குப் பூசை வைக்கிறான்."

பின்வரிசையில் ஒரு மூதாட்டி செபமாலையைத் தேடினார். வேறு யாரோ, "அண்ணைக்குச் சுகர் கூடிப்போச்சு போல" என்று முணுமுணுத்தது மைக் இல்லாமலே முன்வரிசை வரை கேட்டது. பாதர் மரியநேசன் அசையவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்லப் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. டெக்சஸ் வரிசையோ மகிழ்ச்சியில் காலால் தட்டியது. டுவெயின் தலையை ஆட்டினார். பிறின்சி, கேலப்பின் கையைப் பிடித்திருந்தவள், முதன்முறையாக மூச்சு விட்டாள்.

"என்ர மனுசி மெற்றில்டா. அவள் இல்லாட்டி நான் இல்லை" என்றார் கிறிஸ்துராஜா. மெற்றில்டா தலை குனிந்தார். வெட்கமா கோபமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

எல்லாம் முடிந்தது. இனி ஆண்டவருக்கு நன்றி சொல்லி இறங்க வேண்டியதுதான். அதைச் சொல்லாமல் எந்த மேடையையும் விட்டு அவர் இறங்கியதில்லை. வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

"எல்லாம் வல்ல ஆண்டவர்..."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயிற்சியில் எல்லாரையும் எண்ணினார். இந்த ஆளை எண்ணவில்லை.

தமிழில் ஒரு வசதி உண்டு. அவனா, அவரா, அவர்களா என்பது வசனத்தின் வாலில்தான் முடிவாகும். வால் வரும்வரை வசனத்தை எவ்வளவு தூரமும் இழுக்கலாம். கிறிஸ்துராஜா இழுத்தார். "எல்லாம் வல்ல ஆண்டவர், என்னைப் பூக்கோவாவுக்குள்ளிருந்து உயிரோடு இறக்கி, எனக்கு பஸ்ஸைத் தந்து, மெற்றில்டாவைத் தந்து, பிறின்சியைத் தந்து, அவளுக்கு மருந்துக் கடையைத் தந்து, கேலப்புக்கு இருமலைத் தந்து..."

திரையில் ஆண்டவர் என்ற ஆங்கிலச் சொல்லும் மூன்று புள்ளிகளும் மட்டும் நின்றன. இயந்திரமும் வாலுக்காகக் காத்திருந்தது. பாதர் மரியநேசன் கதிரையின் நுனிக்கு வந்தார்: என்னைச் சொன்னது போகட்டும், அந்த இடத்தில் 'தந்தான்' என்று சொல்லிப் பார் என்பது அவர் கண்ணில் இருந்தது. டுவெயினும் நுனிக்கு வந்தார். கிறிஸ்துராஜா மகளைப் பார்த்தார். அவள் உதட்டை அசைத்து 'அவன்' என்றாள்.

"...எங்களை இதுவரை காத்து..."

மூச்சு முடிந்தது.

"...வந்தார்கள். ஆண்டவர் அவர்களுக்கு நன்றி."

திரையில், ஆள் உயர எழுத்தில், கடவுள் பன்மையில் வந்தார்.

மண்டபத்தில் ஒரு கரண்டி விழுந்தது. பிறின்சி கேலப்பின் கையை விட்டாள். டுவெயின் எழுந்தார். எழுந்து முடிக்க நேரம் எடுத்தது, அவ்வளவு உயரம். திரைக்குக் கிட்டப் போய், விரலை வைத்து ஒருமுறை வாசித்தார், பிறகு இன்னொருமுறை. திரும்பினார்.

"எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முந்நூறு" என்றார் கிறிஸ்துராஜா, அதே ஆங்கிலத்தில். "சாப்பாட்டுக்கு முந்நூறு சொல்லியிருக்கிறேன்."

"இங்கே." டுவெயின் திரையில் இருந்த பன்மையைத் தட்டினார்.

கடைசியில் பாதர் மரியநேசன்தான், தன் பீற்றூட் நிறம் குறையாமலே, விடை சொன்னார்.

"மூன்று. பிதா, சுதன், பரிசுத்த ஆவி."

டுவெயின் பாதர் பக்கம் திரும்பினார். "எங்கள் ஊரிலும் மூன்றுதான்" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "அப்போ இது பிழை இல்லையே" என்றார்.

டெக்சஸ் வரிசையில் ஒரு கிழவர் "ஆமென்" என்று சொல்லி, சொன்னதற்காகத் தானே திகைத்து வாயைப் பொத்தினார்.

டுவெயின் மேடைக்கு வந்து கிறிஸ்துராஜாவின் முன் நின்றார். முகம் வெளிறியிருந்தது. "அந்த வீடியோவில் என்னைச் சொன்னதும் இதே சொல்தானா? ஆண்டவருக்குச் சொல்லும் இதே சொல்?"

"ஓம். இதே சொல்."

அந்தப் பெரிய மனிதர் மேடை விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். "இனி ஒருநாளும் என்னை அப்படிச் சொல்ல வேண்டாம்" என்றார். "நான் மாடு வளர்க்கிறவன். நாளைக்கு எத்தனை மணிக்குக் கோயிலில் நிற்க வேண்டும்?"

"பதினொரு மணிக்கு" என்றார் கிறிஸ்துராஜா. அவர் சொல்லி முடிக்கும்போது பிறின்சி மேடையில் இருந்தாள், அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. கேலப் படிக்கட்டில் நின்று இருமினான். இம்முறை மருந்துக்காக அல்ல.

மெதுவாக மீன் ரோல்ஸ்கள் வாய்க்குப் போகத் தொடங்கின. கிறிஸ்துராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, முன்வரிசையில் பங்குத் தந்தை அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"கிறிஸ்துராஜா" என்றார் பாதர், மைக்கே தேவைப்படாத குரலில். "மரியநேசன் வந்திருக்கிறான். நாளைக்கு இந்தக் கலியாணத்துக்குப் பூசையும் அவன்தான் வைக்கிறான். இப்ப அவன் இருந்து சாப்பிடட்டோ, இல்லாட்டிப் போகட்டோ?"