ருஷ்யச் சற்றலைட்டில் ஆனந்தராசா

"வருதா புள்ள?"

"புள்ளி புள்ளியாத்தான் அக்கா. இன்னும் கொஞ்சம் தூக்குங்க!"

புஷ்பவதி பக்கத்து வீட்டுப் பின்முற்றத்தில் நின்று, டிஷ் அன்டெனாவின் விளிம்பைப் பிடித்து ஒரு விரலளவு உயர்த்தினாள். துறைமுகக் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. இந்த டிஷ்ஷின் சூட்சுமம் வீட்டுக்காரர் அபூதாஹிருக்குத்தான் தெரியும். அவரோ அக்கரையில் கிண்ணியாவுக்குப் போனவர். ராணுவம் சோதனையென்று படகை நிறுத்தியதில் துறையில் அகப்பட்டுக்கொண்டார். உள்ளே டீவியின் முன்னால் ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி ஸாலிஹா மட்டும்.

"கம்பத்தில கீறியிருக்கிற நாலு மணிக் கோட்டிலதானே வைச்சனான்?"

"அது அவர் போன மாசம் போட்ட கோடு. ருஷ்யாக்காரன்ட சற்றலைட் கிழடாப் போச்சாம். ஒரே இடத்தில நிக்கவேண்டியது, இப்ப மேலயும் கீழயும் ஆடுதாம். அதுவும் ஒவ்வொரு நாளும் நாலு நிமிசம் முந்தி. போன மாசத்து நாலு மணி இப்ப ரெண்டு மணி."

"ஆடட்டும். இண்டைக்கு மட்டும் நிண்டிருக்கக் கூடாதோ?"

இன்றைக்குத்தான் சென்னைத் தொலைக்காட்சியில் அவள் தம்பி ஆனந்தராசா பாடுகிறான். தொண்ணூறில் ஷெல் பட்ட காலோடு படகேறி, மண்டபம் அகதி முகாமுக்குப் போனவன். காலை எடுக்கவேண்டி வரலாமென்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான். பிறகு வந்த எதிலும் காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளும் பயத்தில் கேட்கவில்லை. ஐந்து வருடமாயிற்று. இன்று கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

"வந்திட்டு! கண்ணாடி மாதிரி! ஓடி வாங்க!"

கையை எடுத்தாள். திருகாணி தேய்ந்த டிஷ் பழைய இடத்துக்கே சரிந்தது.

"போச்சு!" ஸாலிஹா பின்கதவுக்கு வந்தாள். "நான் பிடிக்கிறன், நீங்க போய்ப் பாருங்க."

"இந்த வயித்தோடயோ? போய் இரு. நீ பாத்துச் சொல்லு. இடது புருவத்தில வெட்டு இருக்கும்."

மறுபடி தூக்கினாள். உள்ளே கைதட்டல் கேட்டது.

"பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க... ஓம், வெட்டு இருக்கு!"

"நடந்து வாறானோ?"

புஷ்பவதி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

"ஸாலிஹா, மறைக்காதை."

"நடந்துதான் வாறார் அக்கா. ஊண்டுகோலோட. வலது கால்... முழங்காலுக்குக் கீழ இல்ல."

டிஷ் நடுங்கியது.

"படம் ஆடுது அக்கா, இறுக்கிப் பிடிங்க. ஆள் நல்லாத்தான் இருக்கிறார். நீலச் சேட்டு. எண்ணெய் வைச்சு அமத்தி வாரியிருக்கு. வல்லாஹி, சிரிக்கிறார்."

ஸாலிஹா சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். ஜன்னலால் குரல் வந்தது. தடித்த, ஆம்பிளைக் குரல். புஷ்பவதி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். இரண்டாம் சரணத்தில் குரல் நின்றது.

"என்ன, கரண்ட் போச்சோ?"

"இல்ல, வரி மறந்திட்டார் போல. தலையைச் சொறியிறார்."

"பள்ளிக்கூடத்திலயும் அதிலதான் நிப்பான், விசரன்!"

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையில்லை. புஷ்பவதி டிஷ்ஷின் குழிக்குள் முகத்தை நீட்டி, அந்த வரியை உரத்துப் பாடினாள்.

"பிடிச்சிட்டார் அக்கா!" என்று கத்தினாள் ஸாலிஹா. "பிடிச்சிட்டார்!"